ஆசிரியர் பட்டியலில் எழுதாமல் விட்டவை

நவம்பர் பிறந்துவிட்டால் அமெரிக்கப் பிஎச்.டி. விண்ணப்பங்களுக்கான கெடு நெருங்கிவிடும். நியூரோசயின்ஸ் படிக்க ஆசைப்படும் நம் மாணவர்கள் கூடும் இடங்களிலெல்லாம் ஒரே கேள்வி சுற்றத் தொடங்கும்: "நினைவாற்றலில் ஆராய்ச்சி செய்ய எந்தப் பல்கலைக்கழகத்துக்குப் போடலாம்?" பதில் சொல்பவர்கள் உடனே நாலு பெயர்களை அடுக்கிவிடுவார்கள். கேட்டவர் அந்தப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் பட்டியலைத் திறப்பார், 'கற்றலும் நினைவும்' என்ற தலைப்புக்குக் கீழே வரும் பேராசிரியர்களில் ஏற்கெனவே கேள்விப்பட்ட மூன்று பேரைத் தேர்ந்தெடுப்பார், அவர்களைத் தன் நோக்கக் கட்டுரையில் எழுதி அனுப்புவார். அந்தக் கேள்வியே சரியில்லை என்ற எண்ணம் எனக்கு ஆண்டுக்கு ஆண்டு வலுத்துக்கொண்டே வருகிறது. ஆராய்ச்சித் தலைப்பு ஓர் ஆய்வகம் எதைத் தேடுகிறது என்று மட்டும்தான் சொல்லும். அங்கே சேரும் மாணவரின் ஐந்தாறு ஆண்டுகள் எப்படிக் கழியும் என்பதைத் தீர்மானிப்பவை வேறு: எந்த உயிரினம், எந்தக் கருவி, ஒரு சோதனை முடிய எத்தனை நாள், செலவு யாருடையது. இவற்றில் எதுவும் பட்டியலில் இருக்காது. ஆனால் தேடத் தெரிந்தால் அத்தனையும் கிடைக்கும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது என்பதால் ஓர் இடத்தை எடுத்துக்கொள்கிறேன்: கலிஃபோர்னியாவில் லா ஹோயா, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாகம். உலகிலேயே முதல் நியூரோசயின்ஸ் துறை என்று பொதுவாகச் சொல்லப்படும் துறையை ராபர்ட் லிவிங்ஸ்டன் 1965-இல் அங்கேதான் தொடங்கினார். வளாகத்தை ஒட்டியே சால்க் ஆய்வு நிறுவனம். சால்க்கில் ஆய்வு செய்யும் பிஎச்.டி. மாணவர்கள் பெரும்பாலும் இந்தப் பல்கலைக்கழகத்தின் பட்டத்தையே பெறுகிறார்கள். அதனால் முனைவர் திட்டத்தின் பட்டியலில் மருத்துவக் கல்லூரி, உயிரியல், உளவியல், இயற்பியல், அறிதல் அறிவியல் துறைக்காரர்களோடு சால்க் ஆய்வாளர்களும் கலந்து இருப்பார்கள். நம்மவர்களுக்கு இந்த ஊர் பழக்கமானதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு கண்ணாடியும் ஒரு பெட்டியும் வைத்து, வெட்டி எடுக்கப்பட்ட கையில் தொடர்ந்து வலி உணரும் நோயாளிகளைச் சோதித்தது இங்கேதான். அவருடைய உரைகளைக் கேட்டு மூளை அறிவியலுக்கு ஈர்க்கப்பட்ட தமிழ் மாணவர்கள் ஏராளம். அந்த ஈர்ப்பு நல்லது. ஆனால் அதே பட்டியலில் இருக்கும் மற்ற ஆய்வகங்களில் பெரும்பாலானவை நோயாளியோடு உட்கார்ந்து பேசும் இடங்கள் அல்ல. அவருக்காக வந்து சேரும் மாணவர், விளக்கணைத்த அறையில் லேசர் நுண்ணோக்கிக்குப் பக்கத்தில் ஐந்து ஆண்டு உட்கார நேரலாம். இங்கே நான் சொல்லும் பெயர்களில் சிலர் மூத்தவர்கள், ஒருவர் மறைந்துவிட்டார். பட்டியலில் ஒருவர் பெயர் இருப்பதால் இந்த ஆண்டு அவர் புது மாணவரை எடுப்பார் என்று ஆகாது. அதை அவரிடமே கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒரே தலைப்பு, நான்கு வாழ்க்கை

'நினைவு' என்ற ஒரே சொல்லின் கீழ் இந்த ஊரில் வேலை செய்த நான்கு ஆய்வகங்களைப் பாருங்கள். லாரி ஸ்குவையர் ஆய்வகம் மூளையின் நடுப் பக்கமடல் சிதைந்த நோயாளிகளைப் பல்லாண்டுகள் பின்தொடர்ந்தது. அவர்களில் புகழ்பெற்றவர் இ.பி. என்ற எழுத்துகளால் குறிக்கப்படுபவர். 1992-இல் ஹெர்பிஸ் வைரஸ் மூளையைத் தாக்கியதில் புது நினைவைப் பதிக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸை இரு பக்கமும் இழந்தவர். சுமார் 14 ஆண்டுகள் அவரைச் சோதித்தார்கள். சிறு வயதில் வளர்ந்த ஊரில் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்டால் அதே வயது ஆரோக்கியமானவர்களைப் போலவே சரியாகச் சொன்னார். நோய்க்குப் பிறகு குடிவந்த தெருவைப் பற்றி அவரால் எதுவும் சொல்ல முடியவில்லை. 1999-இல் வெளியான இந்தச் சிறிய ஆய்வு, பழைய இட நினைவுகள் ஹிப்போகேம்பஸ் இல்லாமலும் நிலைக்கும் என்று காட்டியது. இத்தகைய ஆய்வகத்தில் மாணவர் செய்வது வினாத்தாள் வடிவமைத்தல், வயதும் படிப்பும் ஒத்த ஒப்பீட்டாளர்களைத் தேடிப் பிடித்தல், எம்ஆர்ஐ படத்தில் திசுவின் கன அளவை அளத்தல். நோயாளிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவர்களில் ஒருவர் இறந்தாலோ உடல்நலம் கெட்டாலோ ஆய்வேட்டின் ஓர் அத்தியாயமே போய்விடும். அதை ஈடுகட்ட மாணவரால் ஆகக்கூடியது எதுவும் இல்லை.

ஸ்டீஃபன் லாய்ட்கெப், ஜில் லாய்ட்கெப் இருவரும் நார்வேயில் மோசர் தம்பதியின் ஆய்வகத்தில் வேலை செய்துவிட்டு இங்கே வந்தவர்கள். அவர்களுடைய வழி, நியூரான்களின் மின்துடிப்பைப் பதியும் டெட்ரோடு. முடியைவிட மெல்லிய நான்கு கம்பிகளை ஒன்றாக முறுக்கி, நுனியில் தங்க முலாம் பூசி, மின்மறுப்பைச் சில நூறு கிலோ ஓமுக்குக் குறைத்து, அப்படிப் பத்துப் பன்னிரண்டைத் திருகாணிகள் உள்ள ஒரு சின்னத் தாங்கியில் கோத்து எலியின் தலையில் பொருத்த வேண்டும். பிறகு இரண்டு மூன்று வாரம் தினமும் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, கம்பியைப் பல பத்து மைக்ரான் கணக்கில் கீழே இறக்கி, ஹிப்போகேம்பஸின் செல் அடுக்கைத் தேடவேண்டும். அவசரப்பட்டு ஒரே நாளில் அதிகம் இறக்கினால் கம்பி அடுக்கைத் தாண்டிவிடும். மேலே இழுத்தால் கம்பி போன பாதையில் திசு ஏற்கெனவே காயப்பட்டிருக்கும், நல்ல சிக்னல் வராது. எலி உயிரோடு இருக்கும்வரை விடுமுறை என்பது கிடையாது. இந்த வேலையைச் செய்ய ஒரு தனிப் பொறுமை வேண்டும். அது எல்லோருக்கும் இருப்பதில்லை.

சால்க்கில் ஃப்ரெட் கேஜ் ஆய்வகம் இன்னொரு துருவம். வளர்ந்த மனிதரின் ஹிப்போகேம்பஸிலும் புது நியூரான்கள் பிறக்கின்றன என்ற 1998-ஆம் ஆண்டின் முடிவு, பீட்டர் எரிக்சனும் கேஜும் சேர்ந்து தந்தது. மருத்துவக் காரணத்துக்காக பிரியும் செல்களில் பதியும் பிஆர்டியூ என்ற அடையாளப் பொருள் ஏற்றப்பட்ட புற்றுநோயாளிகளின் மூளையை, அவர்கள் இறந்த பின் ஆராய்ந்து பெற்ற முடிவு. இதே ஆய்வகம் 2015-இல் இருமுனை மனநோய் உள்ளவர்களின் தோல் செல்லைத் தண்டுச் செல்லாக மாற்றி, அதிலிருந்து நியூரான் வளர்த்து, அந்த நியூரான்கள் அளவுக்கு மீறித் துடிப்பதையும், லித்தியத்தால் குணமடைந்தவர்களின் செல்களில் மட்டும் லித்தியம் அந்தத் துடிப்பை அடக்குவதையும் காட்டியது. இங்கே மாணவரின் நாள் செல் வளர்ப்பு அறையில் கழியும். தண்டுச் செல்களுக்குக் கிட்டத்தட்ட தினமும் ஊடகம் மாற்றவேண்டும், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்து. முதிர்ந்த நியூரான் கிடைக்க வாரங்கள், சில வேளை மாதங்கள் ஆகும். மைக்கோபிளாஸ்மா என்ற நுண்ணுயிர் புகுந்துவிட்டால் பார்வைக்கு எதுவும் தெரியாது, செல்கள் சோர்ந்து வளரும், அளவீடுகள் மெல்லத் தடம் மாறும். மாதம் ஒருமுறையாவது சோதிக்காத ஆய்வகத்தில் ஒரு தொகுதி முழுதையும் வீசவேண்டிய நாள் வந்தே தீரும். இன்னொன்றையும் மாணவர் தெரிந்திருக்க வேண்டும். 2018-இல் ஒரு மாத இடைவெளியில் வந்த இரண்டு கட்டுரைகளில் ஒன்று, பெரியவர்களில் புது நியூரான் பிறப்பதற்கான தடயமே இல்லை என்றது. மற்றது, முதுமை வரை தொடர்கிறது என்றது. இறப்புக்கும் திசுவைப் பதப்படுத்துவதற்கும் இடையில் எத்தனை மணி நேரம், எத்தனை நாள் ஃபார்மலினில் இருந்தது, இளம் நியூரானைக் காட்டிக்கொடுக்கும் டபுள்கார்ட்டின் எதிர்ப்பொருள் ஒட்டியதா என்பதில்தான் சண்டையே. ஆய்வகத்தின் பக்கம் இதில் ஒரு தரப்பைத்தான் சொல்லும். சேரும் முன் எதிர்த்தரப்பின் கட்டுரையையும் படித்துவிடுங்கள்.

தலைப்பு உடைகிற இடம்

நான்காவது ஆய்வகம் ரொபெர்ட்டோ மாலினோவுடையது. என் எண்ணத்தை முற்றாக உறுதிப்படுத்தியது அதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். மாலினோவ் பல ஆண்டுகள் மூளைத் துண்டுகளில் வேலை செய்து பெயர் வாங்கியவர். நரம்பிணைப்பு வலுப்படும்போது சேதியை வாங்கும் ஆம்பா ஏற்பிகள் மேற்பரப்புக்கு எப்படி நகர்கின்றன என்பதே அவருடைய கேள்வி. அந்தக் கட்டுரைகளை மட்டும் பார்ப்பவர் அவரை 'மூலக்கூறு, செல்' என்ற பெட்டிக்குள் போட்டுவிடுவார். 2014-இல் அதே ஆய்வகத்திலிருந்து வந்த கட்டுரையில் துண்டத்தைவிட உயிருள்ள எலியே முன்னால் நின்றது. கேட்கும் ஒலியைப் பற்றிய சேதியை, பயத்தோடு தொடர்புள்ள மூளைப் பகுதியான அமிக்டலாவுக்குக் கொண்டுபோகும் நரம்புகளில், ஒளி பட்டால் துடிக்கும் ஒரு புரதத்தை வைரஸ் வழியாக ஏற்றினார்கள். அமிக்டலாவின் மேல் ஒளியிழையை வைத்து, ஒளித் துடிப்பையும் காலில் ஒரு சிறு மின் அதிர்ச்சியையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். மறுநாள் ஒளி வந்ததுமே எலி நெம்புகோலை அழுத்துவதை நிறுத்திப் பயந்தது. ஒலி எதுவும் இல்லை. அந்த நினைவு முழுக்க ஒளியால் உண்டாக்கப்பட்டது. அடுத்து அதே நரம்புகளை விநாடிக்கு ஒருமுறை வீதம் நெடுநேரம் தூண்டினார்கள். இது இணைப்பைத் தளர்த்தும் வழி. பயம் காணாமல் போனது. பிறகு விநாடிக்கு 100 துடிப்பு வீதம் தூண்டினார்கள். இது வலுப்படுத்தும் வழி. பயம் திரும்பி வந்தது. நரம்பிணைப்பின் வலுவுக்கும் நினைவுக்கும் உள்ள தொடர்பு பல பத்தாண்டு விவாதம். அதை ஒரே விலங்கில் அணைத்தும் ஏற்றியும் காட்டினார்கள்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த ஒளிப்புரதம் எங்கிருந்தோ வரவழைத்தது அல்ல. அதே வளாகத்தில், ஒளிரும் புரதங்களுக்காக 2008-இல் நோபல் பெற்ற ரோஜர் சியென் ஆய்வகத்தில் ஜான் லின் வடிவமைத்த ஒரு புரத வகை அது. விரைவான துடிப்புகளுக்கு ஈடுகொடுக்கும் புரதம் இல்லாமல் 100 துடிப்பு சோதனை நடந்திருக்காது. ஆக, ஒரு முனைவர் திட்டத்தின் பலம் அதன் தலைப்புகளில் இல்லை. பக்கத்துக் கட்டடத்தில் யார் எதைச் செய்கிறார்கள், அவர்கள் பொருளைக் கொடுப்பார்களா, கொடுத்துச் சொல்லித் தருவார்களா என்பதில் இருக்கிறது. கட்டுரைகளில் நன்றி சொல்லும் பத்தியையும் பொருள்கள், முறைகள் பகுதியையும் படித்தால் இது தெரியும். அதே வளாகத்தைச் சேர்ந்த பெயர்கள் அடிக்கடி வந்தால் அந்த ஆய்வகம் அக்கம்பக்கத்தோடு கலந்து வாழ்கிறது. எல்லாமே வெளியிலிருந்து வருவதென்றால் மாணவரும் தனித்தே இருப்பார்.

மூன்று மில்லிமீட்டர் கண்ணாடி

கருவிதான் வாழ்க்கையைத் தீர்மானிக்கிறது என்று சொன்னேன். ஒன்றை அருகில் வைத்துக் காட்டுகிறேன். டகாகி கொமியாமா ஆய்வகம், சுண்டெலி ஒரு நெம்புகோலை அழுத்தக் கற்கும் இரண்டு வாரமும் அதன் இயக்கப் புறணியில் (உடல் அசைவை ஆளும் மூளை மேலடுக்கில்) அதே நியூரான்களைத் தொடர்ந்து படமெடுத்து, தொடக்கத்தில் தாறுமாறாக இருந்த செயல்பாடு மெல்ல ஒரே ஒழுங்குக்கு வருவதை 2014-இல் காட்டியது. படிக்க அழகாக இருக்கும். இத்தகைய ஒரு படத்துக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சுண்டெலியை ஐசோஃப்ளூரேன் மயக்கத்தில் வைத்து, உடல் வெப்பம் குறையாமல் சூட்டுத்தகட்டில் கிடத்தி, மூளை வீங்காமல் இருக்க டெக்ஸாமெத்தசோனும் வலிக்கு பியூப்ரனார்ஃபினும் கொடுக்க வேண்டும். தோலை நீக்கி, தலையை நிலைநிறுத்தும் உலோகப் பட்டையை ஒட்டி, மண்டையோட்டில் சுமார் 3 மில்லிமீட்டர் வட்டம் துளைக்க வேண்டும். துளைக்கும்போது சூடு கீழே இறங்கினால் அந்த இடத்துப் புறணி கெட்டுவிடும். அதனால் சில விநாடிக்கு ஒருமுறை நிறுத்தி உப்புநீர் விடவேண்டும். எலும்புத் தட்டைத் தூக்கும் கணம்தான் கடினம். அடியில் உள்ள டியூரா சவ்வு ஒட்டிக்கொண்டு கிழிந்தால் ரத்தம் வரும், ரத்தம் உறைந்தால் ஒளி போகாது. பிறகு கண்ணாடி ஊசியால் நியூரான் துடிக்கும்போது ஒளிரும் ஜிகேம்ப் என்ற கால்சியம் காட்டியைத் தாங்கிய வைரஸை, புறணிக்குள் சில நூறு மைக்ரான் ஆழத்தில், நிமிடத்துக்குச் சில பத்து நானோலிட்டர் வேகத்தில் ஏற்றவேண்டும். ஏற்றி முடிந்ததும் ஐந்து பத்து நிமிடம் ஊசியை அசைக்காமல் வைத்திருக்காவிட்டால் வைரஸ் ஊசித்தடம் வழியே மேலே வந்துவிடும். கடைசியாகக் கண்ணாடிச் சில்லைப் பதித்து, பசையும் பல் சிமென்ட்டும் வைத்து மூடவேண்டும். புதியவருக்கு ஒரு சுண்டெலிக்கு இரண்டு மூன்று மணி நேரம் ஆகும்.

இதன்பின் இரண்டு மூன்று வாரம் காத்திருப்பு. அப்போதுதான் தெரியும், கண்ணாடி தெளிவாக நின்றதா என்று. கண்ணாடி மூளையோடு அழுத்தமாகப் பொருந்தாமல் சிறு இடைவெளி விட்டிருந்தால் அங்கே எலும்பு மீண்டும் வளர்ந்து பால்போல் மங்கிவிடும். வைரஸ் அளவு அதிகமாகியிருந்தால் செல்லின் உட்கரு வரை ஒளிரும். அந்தச் செல் நோயுற்றது, அதன் தரவைச் சேர்க்கக் கூடாது. எல்லாம் சரியாக வந்தால் சுண்டெலிக்குத் தண்ணீரைக் கட்டுப்படுத்தி, எடையைத் தினமும் பார்த்து, தொடக்க எடையில் 80 சதவீதத்துக்குக் கீழே போகாமல் காத்து, நெம்புகோல் பழக்க வேண்டும். 920 நானோமீட்டர் லேசரில், விநாடிக்கு முப்பது சட்டகம் வீதம் படம். எலி அசைந்தால் படமும் அசையும். பக்கவாட்டு அசைவை மென்பொருள் சரிசெய்துவிடும், மேல்கீழ் அசைவைச் சரிசெய்ய முடியாது. ஏனென்றால் அப்போது தெரிவது வேறொரு தளத்துச் செல். கற்றலின் ஏழாம் நாள் கண்ணாடி மங்கினால் அந்த எலியின் தரவு முழுதும் வீண். கைபழகாத முதல் ஆண்டில் அறுவை செய்த எலிகளில் பாதி இப்படிக் கழிவதை நல்ல ஆய்வகங்கள் சாதாரணமாகவே எடுத்துக்கொள்கின்றன. அதை மாணவரின் குற்றமாகப் பார்க்கும் ஆய்வகத்தில் சேராதீர்கள்.

இயற்பியல் துறையின் டேவிட் கிளைன்ஃபெல்ட் ஆய்வகமும் மண்டையோட்டில் பதிக்கும் இதே வகைக் கண்ணாடிச் சன்னலைத்தான் பயன்படுத்துகிறது. ஆனால் அங்கே பார்ப்பது ரத்தக் குழாய்களை. புறணிக்குள் செங்குத்தாக இறங்கும் ஒரே ஒரு சிறு தமனியை லேசரால் அடைத்தால்கூட அதைச் சுற்றியுள்ள திசு செத்துவிடும், பக்கத்துக் குழாய்கள் ஈடுகொடுக்காது என்று அவர்கள் காட்டியது, முதியவர்களின் மூளையில் காணப்படும் நுண் அடைப்புகளைப் புரிந்துகொள்ள உதவியது. பட்டியலில் 'இயக்கக் கற்றல்' ஒரு மூலையிலும் 'ரத்த ஓட்டம்' இன்னொரு மூலையிலும் இருக்கும். வேலைமேசையில் இருவரும் பக்கத்து வீட்டுக்காரர்கள். ஓர் ஆய்வகத்தில் சன்னல் வைக்கக் கற்ற மாணவர் மறுநாளே மற்றதில் உதவியாக இருக்க முடியும். ஸ்குவையர் மாணவரும் கேஜ் மாணவரும் 'நினைவு' என்ற ஒரே தலைப்பில் இருந்தாலும் ஒருவர் வேலையை மற்றவர் ஒரு நாள்கூடச் செய்ய முடியாது. அதனால் பட்டியலை நீங்களே உங்கள் கையால் மறுபடி எழுதுங்கள் என்பேன். தலைப்புகளை அழித்துவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே விலங்கையும் முதன்மைக் கருவியையும் மட்டும் எழுதுங்கள். பல்கலைக்கழகம் வேறொன்றாகத் தெரியத் தொடங்கும்.

உயிரினத்தின் கடிகாரம்

யிஷி ஜின் ஆய்வகத்தின் உயிரினம் சி. எலிகன்ஸ் என்ற ஒரு மில்லிமீட்டர் புழு. 302 நியூரான்கள், முட்டையிலிருந்து முட்டையிடும்வரை மூன்று நாள் சொச்சம். லேசரால் ஒரு நரம்பிழையை அறுத்து, அது மீண்டும் வளர்கிறதா என்று மறுநாளே பார்த்துவிடலாம். அந்த வழியில்தான் டிஎல்கே-1 என்ற நொதி இல்லாவிட்டால் அறுந்த இழை வளராது என்பது 2009-இல் தெரியவந்தது. ஒரு யோசனை தவறு என்று தெரிய ஒரு வாரம் போதும். சுண்டெலியில் கணக்கு வேறு. கரு சுமப்பது மூன்று வாரம், இனப்பெருக்க வயதுக்கு இன்னும் ஆறு முதல் எட்டு வாரம், ஆக ஒரு தலைமுறைக்குக் கிட்டத்தட்ட மூன்று மாதம். ஒரு ஜீனைக் குறிப்பிட்ட செல்களில் மட்டும் நீக்க இரண்டு எலி வகைகளைக் கலக்க வேண்டுமென்றால் இரண்டு தலைமுறை தேவை. இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு குட்டிதான் வேண்டிய மரபோடு பிறக்கும். ஓர் ஈற்றில் ஏழு குட்டி என்றால் இரண்டு தேறும். ஆண் மட்டும் போதுமென்றால் ஒன்று. முதல் சோதனைக்கே அரை ஆண்டு போய்விடும். எலி வகை ஏற்கெனவே தயாராக இருக்கும் ஆய்வகத்துக்கும், "நீ வந்ததும் தொடங்கலாம்" என்று சொல்லும் ஆய்வகத்துக்கும் பட்டம் பெறுவதில் ஓராண்டு வித்தியாசம் வரலாம்.

டிமோத்தி ஜென்ட்னர் பறவைப்பாட்டில் வேலை செய்கிறார். ஸ்டார்லிங் பறவைகளுக்குச் சிக்கலான ஒலி வரிசைகளைப் பிரித்தறியக் கற்றுக்கொடுத்த 2006-ஆம் ஆண்டு ஆய்வில் ஒவ்வொரு பறவைக்கும் பல்லாயிரம் முறை பயிற்சி தேவைப்பட்டது. சால்க்கில் ஜான் ரெனால்ட்ஸும், பல்கலைக்கழகத்தில் கோரி மில்லரும் குரங்கினங்களில் வேலை செய்பவர்கள். ஒரு குரங்கைக் கவனச் சோதனைக்குப் பழக்கவே பல மாதம் ஆகும். இங்கே மாணவர்கள் ஏற்கெனவே பழக்கிய விலங்கைப் பகிர்ந்துகொள்வது வழக்கம். அதனால் தரவில் யாருக்கு எது என்ற பேச்சைத் தொடக்கத்திலேயே முடித்துக்கொள்வது முக்கியம். கணக்கீட்டுப் பக்கம் டெரன்ஸ் செய்னோவ்ஸ்கி போன்றவர்கள். 1995-இல் அவரும் டோனி பெல்லும் தந்த தனிக்கூறுப் பகுப்பாய்வு முறை இன்று இஇஜி என்ற மூளை மின்னலைப் பதிவிலிருந்து கண் சிமிட்டலையும் தசை இரைச்சலையும் பிரிக்க உலகெங்கும் பயன்படுகிறது. அதைச் சுற்றி இதே வளாகத்தில் உருவான இஇஜிலேப் மென்பொருள் இலவசம். அதை இப்போதே வீட்டில் இறக்கிப் பழகலாம். கணக்கீட்டு ஆய்வகத்தில் சோதனை தோற்பதில்லை, ஆனால் தரவுக்குப் பிறரை நம்பி இருக்கவேண்டும். கூட்டாளி தரவு தராவிட்டால் மாதங்கள் ஓடிவிடும்.

நோய்ப் பக்கத்தில் ஒன்றே ஒன்று சொல்லிவிட்டுப் போகிறேன். டான் கிளீவ்லண்ட் ஆய்வகமும் பக்கத்து ஊரில் இருந்த ஐசிஸ் மருந்து நிறுவனமும் சேர்ந்து, தசையை இயக்கும் நரம்புகள் அழியும் ஏஎல்எஸ் நோயில் சாட்-1 ஜீனை அடக்கும் ஆன்டிசென்ஸ் ஒலிகோநியூக்ளியோட்டைடை எலிகளில் சோதித்து 2006-இல் வெளியிட்டன. அந்த வழியில் வந்த டோஃபெர்சன் மருந்துக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது 2023-இல். இடையில் பல மாணவர்கள் வந்து பட்டம் வாங்கிப் போயிருப்பார்கள். சிகிச்சை என்ற சொல்லைப் பார்த்துச் சேருபவர், தன் ஐந்தாண்டில் மருந்தின் முடிவைப் பார்க்கப்போவதில்லை என்று தெரிந்தே சேரவேண்டும்.

வெளிநாட்டு மாணவருக்கு மட்டும் ஒரு கணக்கு

இனிச் சொல்வது நம் மாணவர்களுக்கு மிக முக்கியம், ஆனால் எந்த ஆசிரியர் பட்டியலும் சொல்லாதது. அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் (என்ஐஎச்) முனைவர் திட்டங்களுக்கு டி-32 என்ற பயிற்சி நிதியும், தனி மாணவருக்கு எஃப்-31 என்ற உதவித்தொகையும் தருகிறது. இரண்டும் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உள்ளவர்களுக்கும்தான். விசாவில் வரும் மாணவரின் சம்பளம், முதல் ஆண்டுக்குப் பிறகு, பெரும்பாலும் கைடின் ஆய்வு நிதியிலிருந்தே வரவேண்டும். ஆக, அமெரிக்க மாணவரை எடுப்பதைவிட நம்மை எடுப்பது கைடுக்குச் செலவு அதிகம். இதை யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். கலிஃபோர்னியாவில் இன்னொன்றும் உண்டு. வெளி மாநில மாணவர் கூடுதல் கட்டணம் ஆண்டுக்கு 15,102 டாலர். வேறு மாநிலத்து அமெரிக்கர் ஓராண்டில் கலிஃபோர்னியா வாசியாகி அதிலிருந்து விடுபடுவார். மாணவர் விசாவில் இருப்பவர் ஆக முடியாது. ஆனால் தகுதித் தேர்வை முடித்து முனைவர் பட்ட வேட்பாளர் நிலைக்கு உயர்ந்தால் அந்தக் கூடுதல் கட்டணம் மூன்று ஆண்டுகளுக்கு முழுதாக விலக்கப்படும். அதனால் கைடும் திட்டமும் வெளிநாட்டு மாணவரை அந்தத் தேர்வுக்குச் சீக்கிரம் அனுப்ப விரும்புவார்கள். விலக்கு தொடங்கியதிலிருந்து மூன்று ஆண்டு முடிவதற்குள் ஆய்வேட்டை முடிக்க வேண்டிய அழுத்தமும் வரும். எலி வகையே தயாராக இல்லாத ஆய்வகத்தோடு இந்தக் கணக்கைச் சேர்த்துப் பாருங்கள்.

கைடிடம் நிதி இருக்கிறதா என்று கேட்கக் கூச்சப்படுபவர்களுக்கு: என்ஐஎச் ரிப்போர்ட்டர் என்ற பொதுத் தரவுத்தளத்தில் எந்தப் பேராசிரியரின் பெயரைத் தட்டினாலும் அவருடைய என்ஐஎச் நிதித் திட்டங்களும், தொடக்க, முடிவுத் தேதிகளும், ஆண்டுத் தொகையும் வரும். வழக்கமான ஆர்-01 நிதி ஐந்தாண்டு வரை. நீங்கள் ஆய்வகத்தில் முழுதாகச் சேரப்போவது படிப்பின் முதலாண்டு முடிந்து வரும் கோடையில். அப்போது அந்த நிதியில் எத்தனை ஆண்டு மீதி இருக்கும் என்று பாருங்கள். மீதி ஒன்றரை ஆண்டுதான் என்றால் புதுப்பிப்பு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறதா என்று நேர்காணலில் கேட்கலாம், அது நியாயமான கேள்வி. சிலருடைய பணம் ஹோவர்ட் ஹியூஸ் நிறுவனத்திலிருந்தோ தனியார் அறக்கட்டளையிலிருந்தோ வரலாம். அதனால் ரிப்போர்ட்டரில் ஒன்றும் இல்லை என்றால் உடனே பயப்பட வேண்டாம், ஆய்வகத்தின் பக்கத்தையும் கட்டுரைகளின் நிதிக் குறிப்பையும் பார்க்க வேண்டும்.

ஆய்வேடுகளைப் படியுங்கள்

நான் பரிந்துரைக்கும் வேலைகளில் மிகப் பயனுள்ளதும், மிகக் குறைவானவர்கள் செய்வதும் இதுதான். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் முனைவர் ஆய்வேடுகள் ஈஸ்காலர்ஷிப் என்ற களஞ்சியத்தில் பெரும்பாலும் இலவசமாகக் கிடைக்கின்றன. கைடின் பெயரைத் தேடி, கடந்த ஏழெட்டு ஆண்டில் அவர் தலைவராக இருந்த ஆய்வேடுகளை எல்லாம் இறக்குங்கள். சான் டியேகோ ஆய்வேட்டில் முன்பக்கங்களில் ஆசிரியரின் வாழ்க்கைக் குறிப்பு இருக்கும்: இளங்கலை எந்த ஆண்டு, முனைவர் பட்டம் எந்த ஆண்டு. கழித்தால் எத்தனை ஆண்டு பிடித்தது என்று ஓரளவு தெரியும். நன்றியுரையில், எந்த அத்தியாயம் எங்கே வெளியானது, யார் யார் சேர்ந்து எழுதினார்கள், ஆய்வேட்டின் ஆசிரியரே அந்தக் கட்டுரையின் முதன்மை ஆய்வாளர் என்ற வழக்கமான வாசகம் வரும். மூன்று அத்தியாயங்களில் மூன்றும் 'வெளியீட்டுக்குத் தயாராகிறது' என்றே இருந்தால், அது ஓர் ஆய்வேட்டில் மட்டுமா, ஐந்திலும் அப்படியா என்று பாருங்கள். ஐந்திலும் அப்படி என்றால் அந்த ஆய்வகத்தில் கட்டுரைகள் போஸ்ட்டாக் (முனைவர் பட்டத்துக்குப் பின் பணிபுரியும் ஆய்வாளர்) பெயரில் வெளியே போகின்றன, மாணவர் பெயரில் போவதில்லை. முறைகள் பகுதியில் எத்தனை விலங்குகள் நீக்கப்பட்டன, ஏன் நீக்கப்பட்டன என்று இருக்கும். இதழ்க் கட்டுரையில் இடமில்லாமல் சுருக்கியவை ஆய்வேட்டில் விரிவாகக் கிடைக்கும். முதலாம் ஆண்டு ரொட்டேஷனுக்கு முன்பே இரண்டு ஆய்வேட்டின் முறைகள் பகுதியைப் படித்துவிட்டுப் போகும் மாணவரை எந்த ஆய்வகமும் நினைவில் வைத்துக்கொள்ளும்.

ரொட்டேஷன் என்பது முதலாண்டில் மூன்று ஆய்வகங்களில் தலா ஒரு பருவம், ஏறத்தாழ பத்து வாரம், வேலை செய்து பார்ப்பது. பத்து வாரத்தில் பெரிய முடிவு எதுவும் வராது. சன்னல் வைக்கும் ஆய்வகம் என்றால் அறுவை பழகவே அது சரியாகப் போய்விடும். ஆகவே முடிவு வரவில்லையே என்று கவலைப்படாமல், கற்பிப்பது யார் என்று பாருங்கள். மூத்த மாணவர் கற்பிக்கிறாரா, டெக்னீஷியனா, அல்லது ஒரு காகித நெறிமுறையைக் கொடுத்துவிட்டு எல்லோரும் போய்விடுகிறார்களா? ஆய்வகக் கூட்டத்தில் தோற்ற சோதனையை யாராவது திரையில் காட்டுகிறார்களா? மூன்றும் ஒரே வகைக் கருவியாக இல்லாமல், குறைந்தது ஒன்றாவது வேறு உயிரினத்திலோ கணக்கீட்டிலோ இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். சேர நினைக்கும் ஆய்வகத்தை மூன்றாவதாக வைக்க வேண்டாம். இடம் போய்விட்டது என்று தெரியும்போது மாற்றுவழிக்கு நேரமிருக்காது.

கைடோடு நடக்கும் நேர்காணல் பொதுவாக இனிமையாகவே போகும். அதற்குப் பிறகு அந்த ஆய்வகத்தின் நான்காம், ஐந்தாம் ஆண்டு மாணவரோடு அரை மணி நேரம் தனியாகக் கேட்டு வாங்குங்கள். "இங்கே எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் "நன்றாக இருக்கிறது" என்றுதான் பதில் வரும். "போன வருஷம் எந்தச் சோதனை உங்களுக்கு நின்றுபோனது? எதனால்? மறுபடி ஓட வைக்க யார் உதவினார்கள்?" என்று கேளுங்கள். எலும்பு வளர்ந்தது, லேசர் பழுதாகி ஆறு வாரம் ஆனது, வைரஸ் தொகுதி மோசம் என்று விவரமாகச் சொல்லி, உதவியவர்களின் பெயர்களையும் தயங்காமல் சொன்னால், அந்தப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் ஐந்தாண்டில் நீங்கள் போய் நிற்கப்போவது அவர்கள் கதவில்தான். பதில் வராமல் அவர் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினால், பட்டியலில் அடுத்த பெயருக்குப் போங்கள்.